கொதிக்கும் ஆல்-இன்-ஒன் கணினி: தோட்டப் பட்டண வீட்டில் சூட்டைக் கண்டுபிடிப்பதும் இறக்குவதும்

திரையும் கணினியும் ஒரே பெட்டியாக வருவதுதான் ஆல்-இன்-ஒன். மேசைக் கணினி என்று சொல்லித்தான் அதை விற்கிறார்கள். பின்மூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது பெரும்பாலும் மடிக்கணினிச் சாமான்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டைக் காற்றாடி. புரோசசரிலிருந்து அந்தக் காற்றாடி வரை ஒன்றோ இரண்டோ செம்புக் குழாய். குழாயின் நுனியில் சீப்புப் பல்லைப் போல நெருக்கி அடுக்கிய மெல்லிய தகடுகள். முன்பக்கம் முழுக்கத் திரை. அதன் எல்இடி விளக்கும் தன் பங்குக்குச் சூடு கக்கும். இவ்வளவும் சில சென்டிமீட்டர் தடிப்புக்குள் மூச்சுவிட வேண்டும்.

இதைத்தான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலோ பீடோரிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ ஒரு வீட்டு ஹாலில் கொண்டுபோய் வைக்கிறோம். பிற்பகல் இரண்டு மணிக்கு ஜிங்க் கூரைக்குக் கீழே 33, 34 டிகிரி. வாசலுக்கு முன்னால் செம்மண் பாதை, அதில் குலை ஏற்றிய லாரிகள். பக்கத்து ஆலையின் கொதிகலனில் செம்பனை நாரும் ஓடும் எரிகின்றன. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் கரித்தூள் மேசை வரை வரும். சாமி மேடையில் காலையும் மாலையும் சாம்பிராணி. குளிரூட்டிய அலுவலகத்தை மனத்தில் வைத்து எழுதிய கையேட்டில் இவை எதுவும் இல்லை. அதனால் கையேட்டில் உள்ள எண்ணை வைத்துக்கொண்டு பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

அறைச் சூட்டைக் கழித்துப் பாருங்கள்

காற்றாடி வைத்துக் குளிர்விக்கும் எந்தப் பொருளும் அறைக் காற்றைவிடக் குளிராது. ஆகவே, பார்க்க வேண்டிய எண் புரோசசரின் சூடு அல்ல. புரோசசர் சூட்டிலிருந்து அறைச் சூட்டைக் கழித்தால் வரும் மிச்சம். இணையத்தில் ஒருவர் 23 டிகிரி அறையில் சோதித்து 75 என்று எழுதியிருப்பார். மிச்சம் 52. அதே கணினி 33 டிகிரி ஹாலில் ஏறக்குறைய 85 காட்டும். கணினி கெடவில்லை, ஊர்தான் வேறு. அதே கணினி விடியற்காலை ஆறு மணிக்கு 76 காட்டினாலும் குணமாகிவிட்டது என்று பொருள் இல்லை.

இந்த மிச்சம் ஆறு மாதத்தில் 52-லிருந்து 65 ஆகிவிட்டது என்றால்தான் உள்ளே ஏதோ நடந்திருக்கிறது. எனவே கணினி புதிதாக இருக்கும்போதோ, சுத்தம் செய்து முடித்த அன்றோ ஒருமுறை அளந்து நோட்டில் எழுதிவையுங்கள். பிறகு வரும் எந்தச் சந்தேகத்துக்கும் அந்த ஒரு வரி பதில் சொல்லும்.

அளப்பதற்கு எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். திறக்கும்போது ‘சென்சார்ஸ் ஒன்லி’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் சூட்டுப் பட்டியல் நேராக வரும். அதில் புரோசசரின் சூட்டைக் காட்டும் ‘சிபியூ பேக்கேஜ்’ வரி, ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி வரி, காற்றாடியின் சுழற்சி வரி ஆகிய மூன்றையும் கவனியுங்கள். சில ஆல்-இன்-ஒன்களில் காற்றாடி வரி வராது; அதற்குக் காதுதான் கருவி. அறைச் சூட்டுக்கு ஒரு சாதாரண வெப்பமானியைக் கணினிக்கு அருகே, காற்று உள்ளே போகும் பக்கத்தில் வையுங்கள். சுவரில் மாட்டியது சுவரின் சூட்டைத்தான் சொல்லும்.

கணினியைச் சும்மா விட்டு 15 நிமிடம் கழித்து ஓர் எண். பிறகு சிபியூ-இசட் என்ற மென்பொருளின் ‘பெஞ்ச்’ பக்கத்தில் ‘ஸ்ட்ரெஸ் சிபியூ’ பொத்தானை அழுத்தி 10 நிமிடம் ஓடவிட்டு இன்னோர் எண். 32 டிகிரி அறையில் சும்மா இருக்கும்போது 45 முதல் 55, முழு வேலையில் 75 முதல் 90 வரை வந்தால் அந்தக் கணினியோடு குடும்பம் நடத்தலாம். இன்டெல் புரோசசர்கள் பலவற்றுக்கு 100 டிகிரிதான் எல்லை. அதைத் தொட்டதும் அது எரிந்துபோகாது, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ‘சூடு’ என்ற புகாரைவிட ‘மத்தியானம் ஆனால் ரொம்ப ஸ்லோ’ என்ற புகார் முதலில் வருவது இதனால்தான். ஹார்ட் டிஸ்க் அவ்வளவு பொறுமைசாலி அல்ல. 50 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தினமும் 55-ஐத் தாண்டினால் உடனே படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் நகல் எடுத்துவையுங்கள்.

ஏறும் விதமும் இறங்கும் விதமும்

பாதிப் பேர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். சூடு என்றதும், புரோசசருக்கும் அதன் மேல் உட்காரும் செம்புக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் வாங்க ஓடுகிறார்கள். பேஸ்ட் காய்வது உண்டுதான். ஆனால் நம் பக்கத்து வீடுகளில் முதல் குற்றவாளி தூசி, இரண்டாவது கணினியை வைத்த இடம். பேஸ்டின் முறை அதற்குப் பிறகே வருகிறது. எது என்பதைத் திறக்காமலேயே கண்டுபிடிக்கலாம்.

சோதனையைத் தொடங்கிய சில நொடிகளிலேயே எண் 50-லிருந்து 95-க்குத் தாவுகிறது, நிறுத்திய மறுகணமே 60-க்கு விழுகிறது என்றால், புரோசசரின் சூடு செம்புக்குப் போய்ச் சேரவில்லை. பேஸ்ட் காய்ந்திருக்கிறது, அல்லது ஹீட்சிங்க், அதாவது அந்தச் செம்புக் குழாயும் தகடுகளும் சேர்ந்த தொகுதி, சரியாக உட்காரவில்லை. அந்த நேரம் வெளிக்காற்று வரும் துவாரத்தில் கையை வையுங்கள். திரையில் 95, கையில் வெதுவெதுப்பு மட்டும் என்றால் சந்தேகமே வேண்டாம்.

எண் மெல்ல மெல்ல ஏறி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் 95-ஐத் தொட்டு, நிறுத்திய பிறகும் இறங்க நேரம் எடுத்தால் சூடு செம்புக்குப் போய்விட்டது. செம்பிலிருந்து வெளியேறத்தான் வழியில்லை. காற்றாடி அலறுகிறது, ஆனால் துவாரத்தில் காற்று பலவீனமாக, கொதிப்பாக வருகிறது என்றால் தகடுகளுக்கு இடையில் தூசி மெத்தை. காற்று தாராளமாக வந்தும் எண் இறங்கவில்லை என்றால் வெளியேறிய சூடான காற்றே சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே போகிறது; அது இடத்தின் கோளாறு.

சத்தமே இல்லாமல் சூடு ஏறினால் காற்றாடி செத்துவிட்டது. எச்பி கணினிகளில் தொடங்கும்போதே 90பி என்ற பிழை எண்ணோடு ஓர் எச்சரிக்கை வரும்; காற்றாடி சரியாகச் சுழலவில்லை என்பதே அதன் பொருள். அதை என்டர் தட்டித் தாண்டிப் போகிற பழக்கம் வேண்டாம்.

சும்மா இருக்கும்போதே 70-க்கு மேல் நின்றால், திறப்பதற்கு முன் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். எந்தப் புரோகிராமும் ஓடாத நேரத்தில் சிபியூ 30, 40 விழுக்காடு வேலை செய்கிறதென்றால் நோய் மென்பொருளில்.

கணினி தானாக அணைந்துபோனால் விண்டோசின் ‘ஈவென்ட் வியூவர்’ என்ற பதிவுப் பட்டியலில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு இருக்கும். அது ‘ஒழுங்காக மூடப்படவில்லை’ என்று மட்டுமே சொல்கிறது. கரண்டு போனாலும் அதே பதிவுதான். வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருக்க, கனமான வேலையின் நடுவே, பிற்பகலில் மட்டும் அணைகிறதென்றால் சூட்டின் மேல் சந்தேகம் கொள்ளலாம். பக்கத்தில் கெர்னல்-புரோசசர்-பவர் 37 என்ற பதிவும் இருந்தால் புரோசசரின் வேகம் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். சந்தேகம் இன்னும் வலுக்கும்.

திறக்காமல் செய்யக்கூடியவை

முதலில் காற்று எங்கே போகிறது, எங்கே வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு டிஷ்யூத் துண்டை விரல் அகலத்துக்குக் கிழித்து, கணினி ஓடும்போது ஒவ்வொரு துவாரத்தின் அருகிலும் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் உள்வழி, படபடத்தால் வெளிவழி. பெரும்பாலான ஆல்-இன்-ஒன்களில் கீழ் விளிம்பில் உறிஞ்சி மேல் விளிம்பில் தள்ளும். அந்த மேல் விளிம்பில்தான் நம் வீடுகளில் பூத்துணி தொங்கும், பிள்ளையார் பொம்மை உட்காரும், பள்ளி அட்டவணை ஒட்டியிருக்கும். துணி போர்த்துவது தவறில்லை. அணைத்து, அரை மணி நேரம் ஆறிய பிறகு போர்த்துங்கள், தொடங்குவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

பின்பக்கச் சுவருக்கும் கணினிக்கும் குறைந்தது 15 சென்டிமீட்டர், தலைக்கு மேல் அதைவிடக் கூடுதலாக இடைவெளி வேண்டும். டிவி வைக்கும் அலமாரியின் மாடத்துக்குள் அழகாகப் பொருந்தும்தான், ஆனால் அங்கே வெளியேறிய காற்று மாடத்தின் கூரையில் முட்டி மறுபடி கீழே உள்வழிக்கே வரும். மாடத்தின் முதுகுப் பலகையில் இரண்டு கையளவு வெட்டி எடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மேற்கு ஜன்னல் வெயில் முதுகில் படும் இடமும் வேண்டாம்.

மேசைக் காற்றாடியைக் கணினியை நோக்கித் திருப்பிவைத்தால் மட்டும் போதாது. மேலிருந்து அடித்தால் வெளிவரும் சூட்டை அது திரும்ப உள்ளே அமுக்கும். பக்கவாட்டில் வைத்து, கணினியின் முதுகுக்கும் சுவருக்கும் இடையே காற்று குறுக்காக ஓடும்படி திருப்புங்கள். காசில்லாமல் கிடைக்கும் தீர்வு இது. முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். நெருக்கமான மூலையில் இருந்த கணினியில் வித்தியாசம் உடனே தெரியும்.

திரை வெளிச்சத்தை 100-லிருந்து 60-க்கு இறக்குங்கள். கண்ணுக்கும் நல்லது, முதுகுச் சூடும் குறையும்.

பல்லி நுழைகிறதென்று உள்வழித் துவாரத்தில் பெண்கள் அணியும் காலுறைத் துணியைக் கட்டுகிற ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. பல்லி உள்ளே போய் மின்சுற்றுப் பலகையில் குறுக்கே படுத்து ஷார்ட் ஆவது உண்மைதான், ஆனால் அந்தத் துணி காற்றை நெரித்துவிடும், ஒரே வாரத்தில் தூசியால் அடைந்தும் போகும். ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாத கண் உள்ள நைலான் வலையைத் துவாரத்தின் வெளிப்பக்கம் ஒட்டி, வாரம் ஒருமுறை பழைய பல் துலக்கியால் தட்டிவிடுங்கள். சாமி மேடைக்கும் கணினிக்கும் நடுவே தூரம் வேண்டும். செம்மண் தூசி காய்ந்தது, ஊதினால் போய்விடும். சாம்பிராணிப் புகையும் தாளிப்பு எண்ணெய்ப் பசையும் கலந்த தூசி தகட்டில் தார் போல ஒட்டிக்கொள்ளும்.

மென்பொருளில் இறக்குவது

வீட்டு ஆல்-இன்-ஒன்களில் அடிக்கடி காணும் ஐ5-10210யூ புரோசசரை எடுத்துக்கொள்வோம். அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், உச்ச வேகம் 4.2. அதன் 15 வாட் கணக்கு அடிப்படை வேகத்துக்கானது. உச்சத்துக்குத் தாவும் நேரத்தில் அதைவிடப் பல மடங்கு மின்சாரம் தின்னும், சூடும் அப்படித்தான்.

அந்தத் தாவலை நிறுத்த, கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ், அதற்குள் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், அதில் புரோசசர் பவர் மேனேஜ்மென்ட், மேக்சிமம் புரோசசர் ஸ்டேட். அங்கே 100% இருப்பதை 99% ஆக்குங்கள். ஒரு விழுக்காடுதானே என்று தோன்றும்; ஆனால் 100-க்குக் கீழே வைத்தாலே டர்போ தாவல் நின்றுவிடும். முழு வேலைச் சூடு கண்ணுக்கு முன்னால் இறங்கும். இதற்கு விலை உண்டு. வேகம் அடிப்படை வேகத்தின் பக்கம் போய்விடும். கடிதம், கணக்கு, பிள்ளைகளின் பள்ளிப் பாடம் ஆகியவற்றுக்குத் தடையில்லை. காணொளி வெட்டி ஒட்டுகிறவர்களுக்கு இது ஆகாது. சில புதிய கணினிகளில் இந்த வரியே தெரியாது. அங்கே செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்று போய் ‘பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இணைய வகுப்பு நேரத்தில் மட்டும் கொதிக்கிறதா? முகத்துக்குப் பின்னால் உள்ள ஹாலை மங்கலாக்கிக் காட்டும் வசதியை நிறுத்துங்கள். ஒவ்வொரு நொடியும் ஆளையும் சுவரையும் பிரித்தெடுக்கும் வேலையைப் புரோசசர்தான் செய்கிறது. சுவர்க் கொடியில் துணி தொங்குவது தெரிந்தால் கணினியைச் சற்றுத் திருப்பிவைத்துக்கொள்ளலாம். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். விண்டோசைத் திருட்டுத்தனமாக ஆக்டிவேட் செய்யும் கருவிகளோடு, பின்னால் ஒளிந்து கிரிப்டோ தோண்டும் நிரல்கள் வந்து சேர்வதும் உண்டு. சும்மா இருக்கும் கணினி இரவெல்லாம் அலறினால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். பெரிய அப்டேட் ஏறிய அன்று மட்டும் சூடாக இருந்தால் ஒரு நாள் விட்டுப்பிடியுங்கள், பின்னணி வேலை முடிந்ததும் தணியும்.

திறப்பது

உத்தரவாதம் இன்னும் ஓடுகிறதென்றால் திறக்காதீர்கள். சேவை மையத்துக்கு அனுப்புங்கள். இன்னொன்று, மின்சாரப் பகுதி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அடாப்டர் வெளியே தனிக் கட்டியாக இருந்தால் உள்ளே போவது 19 அல்லது 20 வோல்ட் டிசி. கவனமாக இருந்தால் போதும். சுவர் வயர் நேராகக் கணினிக்குள் போனால் பவர் சப்ளை உள்ளே இருக்கிறது. அதன் கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கலாம். 2021-இன் 24 அங்குல ஐமேக்குக்கு முந்திய ஐமேக்குகள் இந்த வகை. அதிலும் 2012-இன் இறுதியில் வந்த மெல்லிய வடிவம் முதல் திரையை ஒட்டுப் பட்டையால் ஒட்டியிருக்கிறார்கள். அவற்றைப் பழகிய கடைக்காரரிடம் விடுங்கள்.

வேண்டிய சாமான்: பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர் 1ஆம், 0ஆம் எண், ஒரு பழைய வங்கி அட்டை அல்லது கிட்டார் பிக், 25 மி.மீ. பெயின்ட் பிரஷ், புதியது. 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஐசோபுரோபைல் ஆல்கஹால் 100 மில்லி. கண்ணாடி துடைக்கும் துணி அல்லது காபி வடிகட்டும் தாள். கையால் அமுக்கும் ரப்பர் ஊதி. 4 கிராம் தெர்மல் பேஸ்ட். உங்கள் மாடலின் எண்ணோடு சேர்த்துத் தேடினால் பிரித்துக் காட்டும் காணொளி கிடைக்கலாம். ஒளிந்திருக்கும் ஸ்க்ரூ ஒன்றைத் தெரியாமல் இழுத்தால் மூடியின் கொக்கி உடையும், அதனால் முதலில் அதைப் பாருங்கள்.

பிளக்கைப் பிடுங்கி, எல்லா வயரையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை 15 நொடி அமுக்கிப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் இறங்கட்டும். மேசையில் பழைய கைலியை நான்காக மடித்து விரித்து, கையால் தடவிப் பாருங்கள். அதில் மாட்டிய ஒரு சிறு கல்லோ பொத்தானோ போதும், திரை போச்சு. அதன்மேல் திரையைக் குப்புற வைத்துத் தாங்கியைக் கழற்றுங்கள். முழங்கையை முதுகில் ஊன்றாதீர்கள். ஸ்க்ரூக்களின் நீளம் வெவ்வேறாக இருக்கும். ஒரு தாளில் கணினியின் முதுகை வரைந்து, எடுத்த இடத்திலேயே செலோடேப்பால் ஒட்டிவையுங்கள். நீளமானதைக் குட்டையின் ஓட்டையில் முடுக்கினால் அது திரையின் முதுகைக் குத்தும். மூடி இளகியதும் ஒரே இழுப்பாக இழுக்காமல் ஒரு கை அளவுக்குத் தூக்கி உள்ளே எட்டிப் பாருங்கள். மூடியோடு இணைந்த வயர் ஏதும் இருந்தால் முதலில் அதைக் கழற்ற வேண்டும்.

காற்றாடியும் தகடுகளும் சேரும் இடத்தில் சாம்பல் நிறத்தில் கம்பளி போல ஒன்று படர்ந்திருக்கும். அதுதான் நாம் தேடி வந்தது. வெளியிலிருந்து துவாரத்தின் வழியாக ஊதுகிறவர்கள் இதைத்தான் பிய்த்துக் காற்றாடிக்குள் தள்ளுகிறார்கள். இரண்டு நாள் நன்றாக இருக்கும், பிறகு பழையபடி ஆகும். காற்றாடியின் மூடியைக் கழற்றி அந்தக் கம்பளியை விரலாலும் பிரஷ்ஷாலும் முழுசாக எடுங்கள். தகடுகளை நீளவாக்கில் மட்டும் துலக்குங்கள், குறுக்கே துலக்கினால் வளைந்துபோகும். பசைத் தூசிக்கு பிரஷ்ஷை ஆல்கஹாலில் நனைத்துத் துலக்கி, நன்றாகக் காயவிடுங்கள்.

மோட்டார்சைக்கிள் பட்டறையில் கம்ப்ரசர் வைத்து ஊதிக்கொள்வது இங்கே சாதாரணம். செய்யாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் கம்ப்ரசர் தொட்டிக்குள் தண்ணீர் தேங்கும். அதுவும் எண்ணெயும் சேர்ந்து பலகையில் தெளிக்கும். அந்த வேகத்தில் காற்றாடி அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் தேயும். ரப்பர் ஊதியால் ஊதும்போதுகூட இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தரைத் தூசி உறிஞ்சும் வாக்குவம் குழாயையும் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம், நிலைமின்சாரம் தாக்கும்.

தாவி ஏறித் தாவி விழுகிற நோயாக இல்லாவிட்டால் இதோடு மூடி, அளந்து பாருங்கள். ஹீட்சிங்கைத் தொட வேண்டிய அவசியம் இல்லை.

பேஸ்ட் மாற்றுவது

ஹீட்சிங்கில் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் பெரும்பாலும் 1, 2, 3, 4 என்று எண் அச்சிட்டிருக்கும். கழற்றும்போது 4-லிருந்து 1 வரை, ஒவ்வொன்றையும் அரைச் சுற்று அரைச் சுற்றாக. தூக்கும்போது பிடித்துக்கொண்டால் பலம் காட்டாமல் இப்படியும் அப்படியும் மெல்லத் திருகுங்கள். கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு உடனே திறந்தால் பழைய பேஸ்ட் இளகியிருக்கும்.

காய்ந்ததை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து எடுங்கள். கண்ணாடிபோல் மின்னும் சிறு செவ்வகம்தான் புரோசசரின் சில்லு. மடிக்கணினி வகைப் புரோசசரில் அது மூடியில்லாமல் இருக்கும். கத்தியோ நகமோ படக்கூடாது, விளிம்பு சிதறினால் அதோடு முடிந்தது. அதன் நடுவில் ஒரு அரிசி அளவு பேஸ்ட். சில்லு நீளமாக இருந்தால் நீளவாக்கில் ஒரு மெல்லிய கோடு. ஐ5-10400டி போன்ற 35 வாட் மேசைக் கணினிப் புரோசசருக்கு மேலே உலோக மூடி இருக்கும்; அதற்கு ஒரு துவரம் பருப்பு அளவு. நிறையப் பூசினால் நிறையக் குளிரும் என்பது தவறு. பேஸ்ட் செம்பைவிட மோசமான கடத்தி. இரண்டு பரப்புக்கும் நடுவே உள்ள கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை நிரப்புவதுதான் அதன் வேலை. திரவ உலோக வகை வாங்காதீர்கள், அது மின்சாரத்தைக் கடத்தும். ஒரு துளி வழிந்தால் பலகை போகும்.

ஹீட்சிங்கின் அடியில் மெமரி, பவர் சில்லுகளுக்கு மேல் ரப்பர் போன்ற பட்டை ஒட்டியிருந்தால் கிழியாமல் அப்படியே வையுங்கள். கிழிந்தால் அதே தடிப்பில் புதியது வேண்டும், 0.5, 1, 1.5 மி.மீ. என்று கிடைக்கும். அரை மில்லிமீட்டர் தடித்தால் ஹீட்சிங்க் புரோசசரைத் தொடாமல் தூக்கி நிற்கும், பேஸ்ட் மாற்றிய பிறகு முன்னைவிடக் கொதிக்கும். பட்டை இருந்த இடத்தில் பேஸ்டை அப்புவதும் உதவாது, அந்த இடைவெளியை அது நிரப்பாது. முடுக்கும்போது 1-லிருந்து 4 வரை, முதலில் எல்லாவற்றையும் லேசாகப் பிடிக்கவைத்து, பிறகு சுற்றுச் சுற்றாக இறுக்குங்கள். காற்றாடி வயரை மாட்ட மறப்பது பலருக்கும் நடக்கிறது. மூடுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள்.

காற்றாடி, ஹார்ட் டிஸ்க், அடாப்டர்

காற்றாடி கரகரத்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சில வாரம் ஓடும், புதியது வந்து சேரும் வரைக்கும் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியோடு சேர்ந்து பசையாகி இறக்கையையே நிறுத்திவிடும். புதியது வாங்கும்போது கணினியின் மாடல் பெயரை நம்பாமல், காற்றாடியின் முதுகு ஸ்டிக்கரில் உள்ள எண், வோல்ட், ஆம்பியர், வயர் எண்ணிக்கை ஆகிய நான்கையும் படம் எடுத்து விற்பவருக்கு அனுப்புங்கள். ஒரே மாடலில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் வரலாம். இரண்டின் பிளக்கும் ஒன்றுபோல இருந்தால் தவறாக மாட்டுவது எளிது.

பழைய ஆல்-இன்-ஒன்னில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியாக மாற்றுவதுதான் இந்தக் கட்டுரையிலேயே மிகப் பயனுள்ள செலவு. சூடு குறைகிறது, அதிர்வு போகிறது, மத்தியான மந்தமும் பெரும்பாலும் அதோடு போகிறது. 3.5 அங்குல டிஸ்க் உள்ள கணினியில் ஒரு மாற்றுச் சட்டம் கூடவே வாங்க வேண்டும். பலகையிலேயே நேராகச் செருகும் எம்.2 என்விஎம்இ வகை எஸ்எஸ்டி போட்டிருந்தால் அதுவும் நன்றாகக் கொதிக்கும். 80-ஐ நெருங்கினால் தானே மெதுவாகும். அதற்கு இடம் இருக்கிறதா என்று அளந்த பிறகே மெல்லிய அலுமினியத் தகடு ஒட்டுங்கள்.

அடாப்டரைக் கால்மிதிக்குக் கீழேயும் அலமாரிக்குப் பின்னாலும் தள்ளிவிடுகிறோம். அது தன் சூட்டை வெறும் தோல் வழியாகத்தான் இறக்குகிறது. தரையில், வெளிக்காற்றில் கிடக்கட்டும். தொட முடியாத சூடு, வாடை, சீறும் சத்தம் மூன்றில் எது வந்தாலும் மாற்றுங்கள். 90 வாட் கேட்கும் கணினிக்கு 65 வாட் மாட்டினால் முனை பொருந்தும், கணினியும் ஓடும். ஆனால் அடாப்டர் கொதிக்கும், கணினி வேகத்தைப் பிடித்து இழுக்கும். சிரிம் என்ற மலேசியத் தரச் சான்று முத்திரை இல்லாததை வாங்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் வயரில் பிளக் ஆடினாலோ, முனையில் பழுப்பு நிறம் ஏறியிருந்தாலோ, சூட்டுக்கு அதுவும் ஒரு காரணம், வீட்டுக்கே ஆபத்து.

ஏர்கோன் அறையில் வைப்பவர்களுக்கு

ஏர்கோன் உண்மையான உதவி, அறைச் சூடு பத்து டிகிரி இறங்கினால் புரோசசரும் ஏறக்குறைய பத்து இறங்கும். ஆனால் 18-இல் வைத்துக் குளிர்ந்து கிடக்கும் கணினியின் மேல், கதவைத் திறந்ததும் வெளிக்காற்று பாய்ந்தால் ஐஸ் தண்ணீர் கிளாசைப் போல வியர்க்கும். நம் காற்றின் ஈரம் 24, 25 டிகிரியிலேயே தண்ணீராக மாறத் தொடங்குகிறது. 25 அல்லது 26-இல் வையுங்கள். குளிர் நேராகக் கணினியின் மேல் விழாதபடி இறக்கையைத் திருப்புங்கள். குளிர் அறையிலிருந்து ஹாலுக்கு மாற்றிய கணினியை ஒரு மணி நேரம் கழித்தே தொடங்குங்கள்.

செம்மண் பாதையோர வீட்டில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வெளித்துவாரங்களைப் பிரஷ்ஷால் துலக்கவும், வருடம் ஒருமுறை திறக்கவும் வேண்டும். கதவடைத்த ஏர்கோன் அறையில் திறப்பதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளலாம். புகைமூட்டம் நீண்ட வருடங்களில் அது முடிந்ததும் ஒருமுறை கூடுதலாக.

எல்லாம் செய்தும் மிச்சம் குறையவில்லை, செம்புக் குழாயின் ஒரு முனை கொதிக்கிறது, தகட்டுப் பக்க முனை மட்டும் குளிர்ந்தே இருக்கிறது என்றால் குழாய்க்குள் இருக்கும் திரவம் கசிந்து போய்விட்டது. அதைச் சரிசெய்ய முடியாது, முழு ஹீட்சிங்கையும் மாற்ற வேண்டும். அதே மாடலின் பழுதான கணினி எங்காவது உடைத்து விற்கப்படுகிறதா என்று தேடுங்கள். புதிய உதிரி கிடைக்காத பழைய மாடல்களுக்கு அந்த வழி மட்டும்தான் இருக்கும்.